கொல்லன் என்னும் பெயர்: கோர்ன்வோல் ‘அங்கோவ்’ குடும்பப் பெயரின் வரலாறு

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் வாழ்வோருள் ‘ஸ்மித்’ என்ற குடும்பப் பெயரைக் கேள்விப்படாதவர் இரார். இங்கிலாந்தில் மிகக் கூடுதலானோர் தாங்கி நிற்கும் குடும்பப் பெயர் அதுவே. கொல்லன் என்பது அதன் பொருள். அதே இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அதே பொருளைத் தரும் இன்னொரு குடும்பப் பெயரும் உண்டு. ‘அங்கோவ்’ என்பது அது. முன்னையதைத் தாங்குவோர் இலட்சக்கணக்கில் உளர். பின்னையதோ மிக அரிய பெயர். அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால், எந்த மொழிக்குரியது என்று ஆங்கிலேயரே ஐயுறுவர்.

ஒரே தொழில், ஒரே பொருள். எனினும் ஒரு பெயர் நாடெங்கும் பரவியது. மற்றையது ஒரு மூலையில் ஒதுங்கியது. கொல்லர் அந்த மூலையில் குறைவாக இருந்தமை இதற்குக் காரணமன்று. உண்மையில் உலையும் துருத்தியும் இல்லாத ஊரே அங்கு இருந்ததில்லை. குறைந்து போனது கொல்லரைக் குறித்த சொல்லை வழங்கிய மொழியே. ஆகவே அங்கோவ் என்ற பெயரின் வரலாற்றை நோக்குவது, ஒரு மொழி எவ்வாறு ஒடுங்கிற்று என்பதையும், ஒடுங்கிய பின்னரும் அதன் எச்சம் எங்கே தங்கியிருந்தது என்பதையும் நோக்குவதாகும்.

நிலமும் மொழியும்

கோர்ன்வோல் மூன்று புறமும் கடல் சூழ்ந்த குடாநாடு. நான்காம் புறத்தில் டேமர் ஆறு ஏறத்தாழ முழு எல்லையாகவும் ஓடுகிறது. பத்தாம் நூற்றாண்டில் ஆங்கில மன்னன் அதெல்ஸ்தான் இந்த ஆற்றையே கோர்ன்வோல் மக்களுக்கு எல்லையாக வகுத்தான் என்பது வரலாறு. ஆற்றுக்குக் கிழக்கே ஆங்கிலம், மேற்கே கோர்னிஷ். இம்மொழி ஆங்கிலத்தின் கிளைமொழியன்று. கெல்ற்றிக் மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியும், பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதியின் பிரெத்தோன் மொழியும் இதற்கு உடன்பிறந்தவை. இம்மக்கள் தம் நாட்டைத் தம் மொழியில் ‘கெர்னோ’ என அழைத்தனர்.

இனி அங்கோவ் என்ற பெயரைப் பிரித்து நோக்குவோம். அது இரண்டு சொற்கள் ஒட்டியது. ‘அன்’ என்பது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வரும் ‘த’ என்பதற்கு நிகரான சுட்டிடைச்சொல். ‘கோவ்’ என்பது கொல்லன். ஆக, அன் கோவ் என்றால் ‘அந்தக் கொல்லன்’. அதாவது ஊரார் யாவரும் இன்னாரென்று அறிந்த, அவ்வூரின் கொல்லன். சுட்டுச்சொல்லின் மீது அழுத்தம் விழாமையால் பெயரின் இறுதி அசையே இன்றும் அழுத்தி ஒலிக்கப்படுகிறது. எழுத்தில் ஆங்கில முறை புகுந்துவிட்டபோதிலும் ஒலியில் பழைய இலக்கணம் மறையாமல் நிற்பதை இங்கு காணலாம்.

‘கோவ்’ என்ற சொல்லின் சுற்றம் பெரிது. வெல்ஷ் மொழியிலும் கொல்லனுக்கு இதே சொல்தான். பிரெத்தோன் மொழியிலும் அதுவே. அங்கு அது ‘லு கொஃப்’ என்ற குடும்பப் பெயராகி, பிரெத்தாஞ்சின் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றாக வழங்குகிறது. மத்திய கால ஐரோப்பாவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்று 2014இல் மறைந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லு கொஃப் தாங்கியிருந்ததும் இக்கொல்லன் பெயரையே. அயர்லாந்தின் ‘மக்கோவன்’ என்ற பெயர் கொல்லனின் மகன் எனப் பொருள்படும். பழைய ஐரிஷ் கதைகளில் வரும் கொல்லர் தெய்வம் கோய்ப்னியு; வேல்ஸ் கதைகளில் கோவன்னன். உரோமர் வேல்ஸ் எல்லையில் அமைத்த கோபன்னியம் என்ற கோட்டையின் பெயரும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. அவ்வூர் இன்று அபர்கவெனி எனப்படுகிறது. இரும்பை உருக்கி ஆக்கத் தெரிந்தவனை அந்நாளைய மக்கள் தெய்வத்துக்கு அருகே வைத்து எண்ணினர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

பெயர்கள் உறைந்த காலம்

அவ்வாறாயின் பிரெத்தாஞ்சில் மலிந்திருக்கும் பெயர் கோர்ன்வோலில் அரிதாகியது ஏன்?

கோர்ன்வோல் குடும்பப் பெயர்களுள் பெரும்பாலானவை இடப்பெயர்கள். ட்ரெ, பொல், பென் என்ற மூன்று முன்னொட்டுக்களைக் கொண்டு கோர்ன்வோல் மக்களை அடையாளங் காணலாம் என்பது பழைய வழக்கு. ட்ரெ என்பது மனை அல்லது பண்ணை. பொல் என்பது குளம். பென் என்பது தலை அல்லது முனை. நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற றிச்சர்ட் ட்ரெவிதிக்கின் பெயர் இவ்வகையினது. தொழிலையும் தோற்றத்தையும் ஒட்டிய பெயர்கள் தொகையிற் குறைந்தவை. ரயாக் என்றால் உழவன். மராக் என்றால் குதிரை வீரன். அங்வின் என்றால் வெண்ணிறத்தான். அன்னியர் என்றால் நெட்டையன். இந்தச் சிறு கூட்டத்தில் ஒன்றே அங்கோவ்.

இப்பெயர்கள் தொடக்கத்தில் நிலையானவையாக இருக்கவில்லை. 1602இல் வெளிவந்த கோர்ன்வோல் பற்றிய தமது நூலில் றிச்சர்ட் கேறு இதனை விளக்குகிறார். மகனுடைய பெயருக்குப் பின் தந்தையின் பெயரையும், அதன் பின் வாழும் மனையின் பெயரையும் சேர்த்து அழைப்பது அவர்களது வழக்கம். தந்தை பெயரால் ஒருவரை இனங்காணும் முறை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. ஆனால் கோர்ன்வோலில் மனை மாறினால் பெயரும் மாறியது. கேறு தரும் உதாரணங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: ட்ரெங்கோவ் என்ற பெயர் கொண்டோர் குடிபெயர்ந்ததனால் நான்ஸ் என்ற பெயரினராயினர் என்கிறார் அவர். ட்ரெங்கோவ் என்பதைப் பிரித்தால் ட்ரெ, அன், கோவ். அதாவது கொல்லனின் மனை. நான்ஸ் என்றால் பள்ளத்தாக்கு. கொல்லன் மனையை விட்டுப் பள்ளத்தாக்கில் குடியேறியவரின் பெயரிலிருந்து கொல்லன் நீங்கிவிட்டான்.

இந்த நெகிழ்ச்சிக்கு முடிவு கட்டியது எழுத்து. 1538இல், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தொமஸ் குறொம்வெல், ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் பதிய வேண்டுமென ஆணையிட்டார். ஒருமுறை பதிந்த பெயர் மறுமுறையும் தேவைப்பட்டது. பெயர் மெல்ல மெல்ல உறைந்தது.

பெயர்கள் உறைந்த இக்காலத்தில் கொல்லன் எந்த மொழி வழங்கும் ஊரில் இருந்தான் என்பதே அவனது வழித்தோன்றல்களின் பெயரைத் தீர்மானித்தது. கோர்ன்வோலின் கிழக்குப் பகுதியில் அப்பொழுதே ஆங்கிலம் வேரூன்றிவிட்டது. அங்கே கொல்லன் ஸ்மித் ஆனான். மேற்கில் கோர்னிஷ் பேசப்பட்டது. ஆயினும் அங்கே தந்தை பெயரும் மனைப் பெயருமே வழக்கில் மிகுந்திருந்தன. இவ்விரண்டையும் தப்பி, கோர்னிஷ் வழங்கிய ஓர் ஊரில், தொழிற் பெயராலேயே அறியப்பட்ட கொல்லன் ஒருவனின் பெயர், அவ்வூர் மொழி மாறுமுன்னர் ஏட்டில் ஏறினால் மாத்திரமே அங்கோவ் என்ற குடும்பப் பெயர் தோன்ற முடியும். அதற்குரிய இடமும் சிறிது, காலமும் சிறிது. கேம்போர்ன், றெட்றூத் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மேற்குப் பகுதியோடு இப்பெயர் ஒட்டியிருப்பதன் காரணம் இதுவே.

மொழிபெயர்ப்பு ஒரு பெயரை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. அங்கே கவான் மாவட்டத்தில் கொல்லனின் மகன் என்ற ஐரிஷ் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் பல, ஆங்கில ஆட்சியில் வெறும் ஸ்மித் ஆகிவிட்டன. இன்று அவர்களது பெயரை மாத்திரம் நோக்கி, அவர்தம் மூதாதையர் ஐரிஷ் பேசினர் என்று சொல்ல இயலாது. அங்கோவ் குடும்பத்தார் மொழிபெயர்க்கப்படவில்லை. அவர்களது பெயரின் அருமை அதில்தான் இருக்கிறது.

1497: ஒரு கொல்லனின் எழுச்சி

இச்சொல் மக்கள் நாவில் உயிரோடிருந்த காலத்தின் தலைசிறந்த சான்று ஒரு கிளர்ச்சியாளரின் பெயரிலே உள்ளது. 1497ஆம் ஆண்டு ஏழாம் ஹென்றி மன்னன் ஸ்கொட்லாந்தின் மீது போர் தொடுக்கவெனப் பெரும் வரி விதித்தான். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடக்கும் எல்லைச் சண்டைக்குத் தாம் ஏன் பணம் கொடுக்க வேண்டுமென்று வெள்ளீயச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த கோர்ன்வோல் ஏழைகள் வெகுண்டனர். லிசார்ட் முனையிலுள்ள சென்ற் கெவேர்ன் என்ற ஊரில் அவர்களைத் திரட்டியவர் மைக்கல் ஜோசப் என்ற கொல்லர். ஊரார் அவரை ‘அன் கோவ்’ என்றனர். பொட்மின் நகரில் தொமஸ் பிளமாங்க் என்ற வழக்கறிஞர் அவருடன் சேர்ந்தார். வெல்ஸ் நகரில் ஓட்லிப் பிரபு இணைந்தார். பதினையாயிரம் பேர் வரை திரண்டதாகக் கூறப்படும் அந்தப் படை தென் இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து இலண்டன் வாயிலில் உள்ள பிளாக்ஹீத் மேட்டை அடைந்தது.

கென்ற் மாநில மக்கள் தம்முடன் சேர்வர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. யூன் 17ஆம் திகதி டெப்ற்போர்ட் பாலத்தருகே மன்னனின் படை அவர்களைச் சூழ்ந்து முறியடித்தது. யூன் 27ஆம் திகதி மைக்கல் ஜோசப்பும் பிளமாங்கும் டைபேர்ன் கொலைக்களத்தில் தூக்கிலிடப்பட்டு, உடல் கூறாக்கப்பட்டனர். மறுநாள் ஓட்லிப் பிரபுவின் தலை கொய்யப்பட்டது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படுகையில், தமக்கு அழியாத பெயரும் நிலையான புகழும் கிடைக்குமென்று அக்கொல்லர் கூறியதாகப் பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இன்றைய அங்கோவ் குடும்பத்தார் யாவரும் இவருடைய வழித்தோன்றல்கள் அல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தமையால் இப்பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருத்தல் கூடும். மைக்கல் ஜோசப்பைப் பொறுத்தவரை அன் கோவ் என்பது குடும்பப் பெயருமன்று. அது ஊரார் இட்ட தொழிற் பெயர். தொழிற் பெயராக நாவில் வழங்கிய ஒரு சொல், குடும்பப் பெயராக ஏட்டில் ஏறுவதற்கு முந்திய நிலையை அவரிடத்தே காண்கிறோம்.

மொழி ஒடுங்குதல்

அடுத்த நூற்றாண்டு அம்மொழிக்குக் கேடாக அமைந்தது. பென்றின் நகரில் 1265இல் நிறுவப்பட்ட கிளாஸ்னி மடக்கல்லூரி கோர்னிஷ் நாடகங்களுக்கும் கல்விக்கும் நிலைக்களனாக விளங்கியது. அது 1548இல் மூடப்பட்டது. மறு ஆண்டு ஆங்கில வழிபாட்டு நூல் சட்டத்தின் மூலம் புகுத்தப்பட்டது. தம்முள் சிலர்க்கு ஆங்கிலமே தெரியாது என்று கூறிக் கோர்ன்வோல் மக்கள் அதனை மறுத்து எழுந்தனர். அந்த எழுச்சி வாளால் அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கோவிலில் ஒலிக்கும் மொழியாக ஆங்கிலமே நிலைத்தது. தாய்மொழியில் வேதாகமம் அச்சேறிய வெல்ஷ் மொழி பிழைத்துக்கொண்டது. கோர்னிஷ் மொழிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

மொழி ஆண்டுதோறும் மேற்கு நோக்கிப் பின்வாங்கியது. 1700இல் வேல்ஸ் அறிஞர் எட்வர்ட் லுய்ட் அங்கு சென்று எஞ்சியிருந்த பேச்சைக் கேட்டுப் பதிந்தார். அவரது நூல் 1707இல் வெளிவந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசியவருள் இறுதியானவர் என மரபாகக் கூறப்படும் டொலி பென்ட்றீத் என்ற மீன் விற்கும் மூதாட்டி 1777 டிசெம்பரில் மவுசல் கிராமத்தில் மறைந்தார். மொழியறிஞரான லூயி லூசியன் பொனபார்ட் இளவரசர் முன்னின்று 1860இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டுவித்தார். அம்மூதாட்டியின் பெயரிலும் மொழி உறைந்திருந்தது: பென்ட்றீத் என்றால் கடற்கரையின் முனை.

அதன் பின்னர் கேம்போர்னில் பிறந்த அங்கோவ் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்குத் தன் பெயர் வெறும் ஒலி. சுரங்க வாசலிலே கொல்லர் பட்டறை இருந்தது. பாறை துளைக்கும் உளிகள் நாடோறும் அங்கே தீட்டப்பட்டன. சம்மட்டி ஓசையைக் கேட்டுக்கொண்டு அப்பட்டறையைக் கடந்து சென்ற பிள்ளை, தன் பெயரும் அதுதான் என்பதை அறியாமலே வளர்ந்தது. பொருளை அறிந்தோர் அருகிய நிலையிலும் பெயர் தொடர்ந்தது. கோவிலிலும் சந்தையிலும் இடமிழந்த மொழிக்கு, ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களுமே ஒதுங்குமிடமாயின.

கடல் கடந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோர்ன்வோல் உலகின் செப்புச் சுரங்கத் தொழிலில் முன்னணியில் நின்றது. 1866இல் அத்தொழில் சரிந்தது. 1861 முதல் 1901 வரையிலான நாற்பது ஆண்டுகளில் சுமார் 250,000 பேர் வெளிநாடுகளுக்குப் பெயர்ந்தனர் என ஆய்வாளர் கணிப்பர். மெக்சிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்கள், கலிபோர்னியாவின் பொன் வயல்கள், தென் அவுஸ்திரேலியாவின் செப்பு நகரங்கள் என அவர்கள் சென்ற இடமெல்லாம் கோர்ன்வோல் பெயர்கள் முளைத்தன. தென் அவுஸ்திரேலியாவின் மூன்டா, கடீனா, வல்லறூ ஆகிய மூன்று ஊர்களும் சிறிய கோர்ன்வோல் என்றே அழைக்கப்பட்டன.

அங்கோவ் பெயரும் அவ்வழியே கடல் கடந்தது. வில்லியம் தொமஸ் அங்கோவ் என்ற மருத்துவர் 1886இல் கோர்ன்வோலிலிருந்து தென் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அடிலெய்ட் நகருக்கு அருகே தம் மருத்துவத் தொழிலோடு திராட்சைக் கொடிகளையும் நட்டார். அவரது வழிவந்தோர் றென்மார்க்கில் வைன் ஆலை நிறுவினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த தொமஸ் அங்கோவ் 1965இல், பெட்டியினுள் பையிட்டு வைனை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பல நாடுகளில் வழங்கும் ‘பெட்டி வைன்’ அதிலிருந்து வளர்ந்ததே. கொல்லனின் பெயர் இவ்வாறு வைன் புட்டிகளின் முகப்பில் ஏறியது. ஊரில் அரிதாயிருந்த பெயர், அதன் பொருளை எவரும் கேட்டறியாத கண்டத்தில் வணிகப் பெயராக நிலைபெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பொருள் மீளுதல்

பெயர்களுக்குள் மொழி பதுங்கியிருப்பதை முதலில் உணர்ந்தோர் அறிஞர்களே. 1870இல் றிச்சர்ட் சார்னொக் கோர்ன்வோல் குடும்பப் பெயர்களைத் தொகுத்து விளக்கினார். 1904இல் ஹென்றி ஜென்னர் கோர்னிஷ் மொழிக்குக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டபோது, பெயர்களின் அமைப்புக்கெனவே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். எவரும் பேசாத மொழியை ஏன் கற்க வேண்டுமென்ற வினாவுக்கு, கோர்ன்வோல் மக்களாயிருப்பதே போதிய காரணம் என்பது அவரது விடை. அவருக்குப் பின் இப்பணியைத் தலைமேற்கொண்டவர் றொபேர்ட் மோர்ட்டன் நான்ஸ். பழைய கையெழுத்துப் படிகளின் எழுத்து முறையைச் சீர்ப்படுத்திக் கற்கத்தக்கதாக ஆக்கியவர் அவரே. அவரது குடும்பப் பெயர், கேறு குறிப்பிட்ட அதே பள்ளத்தாக்குப் பெயர். 1928இல் புலவர் அவையாகிய கோர்செத் நிறுவப்பட்டது. அதில் சேர்வோர் கோர்னிஷ் மொழியில் ஒரு பெயரைப் புனைந்துகொள்வது மரபு. 1972இல் பாவ்லி வைற் எழுதிய குடும்பப் பெயர்க் கைந்நூல் பொதுமக்கள் கையில் தத்தம் பெயரின் பொருளைக் கொடுத்தது.

1997இல், எழுச்சியின் ஐந்நூறாம் ஆண்டு நிறைவில், சென்ற் கெவேர்னிலிருந்து பிளாக்ஹீத் வரை பழைய பாதையிலேயே மக்கள் நடந்து சென்றனர். இரு தலைவர்களின் சிலைகள் சென்ற் கெவேர்னில் நிறுத்தப்பட்டன. 2002இல் பிரித்தானிய அரசு, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் கீழ்க் கோர்னிஷ் மொழியை ஏற்றது. 2008இல் பொது எழுத்து முறை உடன்பாடாயிற்று. அழிந்த மொழி என்று வகுத்திருந்த யுனெஸ்கோ 2010இல் அவ்வகைப்பாட்டை மாற்றியது. 2014இல் கோர்ன்வோல் மக்கள் தேசிய சிறுபான்மையினராக அங்கீகரிக்கப்பட்டனர். எனினும் 2011 குடிசன மதிப்பில் கோர்னிஷ் தம் முதன்மை மொழி எனப் பதிந்தோர் 557 பேரே. மீட்சி மெய், அதன் அளவும் இதுவே.

அழியாத பெயரை விரும்பிய அக்கொல்லருக்கு அது கிடைத்தது. ஆனால் அது மைக்கல் ஜோசப் என்ற பெயராக அன்றி, அவர் செய்த தொழிலின் பெயராகவே நிலைத்தது. அதனை நிலைநிறுத்தியோர் வரலாற்றாசிரியர் மாத்திரமல்லர். தாம் என்ன பொருளைச் சுமக்கிறோம் என்று அறியாமலே, கேம்போர்னிலும் அடிலெய்டிலும் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சென்ற குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு. பெயரைக் காத்தவர்கள் அவர்கள். அதன் பொருளை மீட்டவர்கள் பின்வந்த அறிஞர்கள். முன்னவர் இல்லையேல் பின்னவர்க்கு மீட்பதற்கு எதுவும் எஞ்சியிராது. இன்று அக்குடும்பத்துப் பிள்ளை தன் பெயரைப் புரிந்துகொள்ளக் கற்க வேண்டியவை இரண்டே சொற்கள்: அன், கோவ்.